இரண்டு 98

பதினோராம் வகுப்பில் வேதியியல் லேபுக்குள் நுழைந்த முதல் வாரம். அலமாரியிலிருந்து ஓர் அரை லிட்டர் பாட்டிலை எடுத்து வரச் சொன்னார் ஆசிரியர். அரை லிட்டர்தானே என்று ஒற்றைக் கையால் தூக்கினேன். மணிக்கட்டு சட்டென்று தாழ்ந்தது. தண்ணீர் பாட்டில் தூக்கிப் பழகிய கை, அரைக் கிலோவுக்குத்தான் தயாராக இருந்தது. இதில் இருந்ததோ அடர் கந்தக அமிலம். கண்ணாடியின் கனம் போக, அமிலம் மட்டுமே 920 கிராம். நல்லவேளை, நழுவவில்லை.

"லேபிளைப் படிச்சியாடா?" என்று மட்டும் கேட்டார்.

படித்திருந்தேன், பாதியை. கையின் மீதும் உலோகத்தின் மீதும் திரவம் சொட்டுகிற படத்தைப் பார்த்து, அரித்துவிடும் என்று பயந்திருந்தேன். கீழே பொடி எழுத்தில் இருந்த 1.84, கணக்கு போடுகிறவர்களுக்கான சமாச்சாரம் என்று விட்டுவிட்டேன். ஒரு மில்லிலிட்டர் 1.84 கிராம். அந்தப் படத்தைவிட இந்த எண்தான் அன்று எனக்கு வேண்டியிருந்தது.

தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது என்று எல்லா லேபிலும் சொல்வார்கள். அதற்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தம் உண்டு. அமிலத்தின் மேல் ஊற்றிய தண்ணீர் லேசானது, மேலேயே நிற்கும். இரண்டும் சேருமிடத்தில் கிளம்பும் சூட்டில் அந்தக் கொஞ்சத் தண்ணீர் கொதித்து, அமிலத்தையும் வாரிக்கொண்டு முகத்தில் தெறிக்கும். நிறையத் தண்ணீரில் அமிலத்தைச் சிறுகச் சிறுக விட்டுக் கலக்கினால், அது கீழே இறங்கிக் கலக்கும். சூட்டையும் தண்ணீர் பங்கு போட்டுக்கொள்ளும்.

தமிழ்வழியில் படித்த எங்களுக்கு இன்னொரு வில்லங்கமும் இருந்தது. அடர் அமிலம், அடர்த்தி இரண்டும் ஒன்று என்றே பல நாள் நினைத்திருந்தேன். அடர் அம்மோனியாவின் அடர்த்தி ஏறக்குறைய 0.9, அதாவது தண்ணீரைவிடக் குறைவு என்று தெரிந்த அன்றுதான் தெளிந்தது. 'அடர்' என்பது கரைசலில் சரக்கு எவ்வளவு என்பதைச் சொல்கிறது. அடர்த்தி, குறிப்பிட்ட கொள்ளளவின் நிறையை.

'ஸ்ட்ராங்' அதைவிட மோசம். டீக்கடையில் ஸ்ட்ராங்காக ஒன்று கேட்டால், டிக்காஷன் தூக்கலாக வரும். வேதியியலில் வலிமை என்பது, தண்ணீரில் அமில மூலக்கூறுகள் எந்த அளவுக்கு அயனிகளாகப் பிரிகின்றன என்பது. அசெட்டிக் அமிலம் அந்தக் கணக்கில் நோஞ்சான். நான்கைந்து சதவீதத்தில் அது சமையலறை வினிகர். தூய நிலையிலோ, 'வலிமை குறைந்த அமிலம்' என்று பரீட்சையில் எழுதிய அதே விரலின் தோலைப் புண்ணாக்கிவிடும்.

கந்தக அமில லேபிளில் 98 சதவீதம் என்று இருக்கும். அதன் மூலக்கூறு நிறையும் 98. முன்னது எடைக்கு எடை பார்த்த பங்கு, பின்னது ஒரு மோலின் கிராம். இரண்டும் ஒத்துப்போனது தற்செயல்தான். ஒரு லிட்டர் 1840 கிராம். அதில் 98 சதவீதத்தை எடுத்து 98-ஆல் வகுத்தால், 18.4 மோலார். 98-ஐ எங்கே பெருக்குவது, எங்கே வகுப்பது என்று குழம்பி, ஒரு முறை பதினெட்டாயிரத்துச் சொச்சம் என்று விடை எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்.

பியூரெட்டில் கண்ணை மட்டத்துக்கு வைத்துக் கீழ்ப்பிறையைப் பார்க்கவும், பெர்மாங்கனேட்டின் கருஞ்சிவப்பில் கீழ்ப்பிறை தெரியாததால் மேல் விளிம்பைப் பார்க்கவும் சீக்கிரமே பழகிவிட்டோம். பிப்பெட்டை வாயால் உறிஞ்சியதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

'நீர்த்த' என்ற சொல்லை மட்டும் கடைசிவரை நம்பினேன். சட்டையில் நீர்த்த கந்தக அமிலம் தெறித்தது, கறைகூட இல்லை. தண்ணீர் ஆவியாகும், அமிலம் ஆகாது. காயக் காய மிச்சம் அடர்ந்துகொண்டே போகும். ஞாயிற்றுக்கிழமை துவைத்த சட்டையை அம்மா வெயிலில் விரித்துப் பிடித்தாள். கடுகு இறைத்தாற்போல் ஓட்டைகள். அவற்றின் வழியே என்னைப் பார்த்தாள்.