சாக்கடை வளர்க்கும் மீன்

கிழக்கு பைபாஸைத் தாண்டி, பான்தலா பக்கம் ஏதாவதொரு மண்கரையில் ஏறினால் போதும், கொல்கத்தா முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. இருபுறமும் தண்ணீர். ‘பேரி’ என்கிறார்கள் உள்ளூர்க்காரர்கள். மீன் பாத்திரத்தோடு சைக்கிளில் வருபவருக்கு ஒதுங்கி வழிவிட வேண்டும். கரையோர ஆகாயத்தாமரை கவனிப்பாரற்று மண்டியதல்ல. அலை கரையை அரிக்காமலிருக்க வேண்டுமென்றே விட்டது.

இந்தக் குளங்களுக்கு வருவது நகரத்தின் சாக்கடை. ஆழமில்லாத நீரில் பாக்டீரியாவும் வெயிலும் பாசியும் கழிவைச் சுத்தப்படுத்த, அதில் ரோகுவும் கட்லாவும் கொழுக்கின்றன. மூக்கைப் பிடித்தபடி வருபவர்களுக்கு ஏமாற்றம்தான்: நாற்றம் பெரும்பாலும் கால்வாயோடு நின்றுவிடுகிறது.

இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தது மீனவர்கள். அதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் 2018இல் மறைந்த பொறியாளர் துருபஜோதி கோஷ். 1992இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் இந்நிலங்களை வேறு உபயோகத்துக்கு மாற்றத் தடை விதித்தது. 2002இல் 12,500 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் ஏறியது. சென்னையின் பள்ளிக்கரணை அந்தப் பட்டியலுக்கு வர மேலும் 20 ஆண்டுகள் ஆயின.

ஆனால் நகரத்துக்கு நிலப்பசி. சதுப்பை நிரப்பித்தான் 1960களில் சால்ட் லேக் எழுந்தது. இன்றும் கரையில் நடப்பவர் தலை நிமிர்ந்தால் தொடுவானத்தில் அடுக்குமாடிகள். விடியுமுன் போனால், அவை கண்ணில் படுவதற்குள், மார்பளவு நீரில் வலை இழுப்பவர்களைப் பார்த்துவிடலாம்.