பனியின் பதம்

அதிரசத்திற்கு வெல்லப்பாகு காய்ச்சுவோர், பாகில் ஒரு துளியை நீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பர். முந்தி இறக்கினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும். பிந்தி இறக்கினால் பல்லுக்கு அடங்காது. இடைப்பட்ட அந்தக் கணத்திற்குத் தமிழில் 'பதம்' என்று பெயர். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைகளில் இளவேனிற் காலத்தில் பனிச்சறுக்குக்குச் செல்வோர் நாள்தோறும் தேடுவதும் ஒரு பதத்தைத்தான். அடுப்பில் இருப்பது மட்டும் ஒரு மலைச்சரிவு, எரிப்பது சூரியன், தணலைக் கூட்டவோ குறைக்கவோ எவராலும் இயலாது.

குளிர்காலத்தில் பொழியும் புதுப்பனி மாவைப்போல் மெல்லியது. மார்ச்சு பிற்பகுதியிலிருந்து அதன் இயல்பு மாறத் தொடங்குகிறது. பகல் வெயில் மேற்பரப்பை உருக்க, அந்நீர் துகள்களுக்கிடையே ஊறுகிறது. இரவுக் குளிரில் உறைந்து அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கிறது. சிறு துகள்கள் கரைய, பெரியவை மேலும் பருக்கின்றன. சில நாள்கள் இவ்வாறு உருகியும் உறைந்தும் வந்தால், சரிவு முழுவதும் கல்லுப்பின் அளவுள்ள உருண்டை மணிகளாகிவிடும். ஆங்கிலேயர் இதனைச் சோளமணியோடு ஒப்பிட்டுச் 'சோளப்பனி' என்பர். ஜெர்மானியர் 'ஃபிர்ன்' என்பர். விடியலில் இது பாறைபோல் இறுகிக் கிடக்கும். வெயில் ஏற ஏற மேலே ஓரிரு சென்டிமீட்டர் மட்டும் இளகி, அடித்தளம் உறுதியாகவே நிற்கும் நேரம் ஒன்று வரும். அப்போது சறுக்குப்பலகைகள் திருப்பிய பக்கம் திரும்புகின்றன. நிறுத்திய இடத்தில் நிற்கின்றன. அந்நேரம் அரைமணியளவே நீடிப்பதும் உண்டு. இரண்டு மணி நேரம் நீடிப்பதும் உண்டு.

இந்தப் பதம் பகலில் கூடினாலும் அதற்கான வேலை இரவிலேயே நடந்துவிடுகிறது. மேகமற்ற இரவில் பனிப்பரப்பு தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வானை நோக்கி இழக்கிறது. காற்றின் வெப்பநிலை உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கும்போதுகூடப் பனியின் மேற்பரப்பு உறைந்துவிடும் என்பது வியப்பான உண்மை. மேகம் கவிந்தாலோ, அது போர்வைபோல் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். மணிகள் ஈரத்தோடே கிடக்கும். மலைக்குடில்களில் தங்குவோர் நள்ளிரவில் எழுந்து வெளியே வந்து விண்மீன்களைத் தேடுவது அழகை நுகர்வதற்காக மட்டும் அன்று.

காலையில் பனி உடனே இளகாமைக்கும் காரணம் உண்டு. பூச்சியம் பாகையில் உள்ள ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க ஏறத்தாழ 80 கலோரி வெப்பம் தேவை. அதே வெப்பம், பூச்சியம் பாகையில் உள்ள ஒரு கிராம் நீரை 80 பாகை வரை சூடாக்கிவிடும். பனியின் வெண்மையும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பிவிடுகிறது. ஆனால் ஈரம் ஊறிப் பருத்த மணிகள் புதுப்பனியைவிட மிகுதியான ஒளியை உள்வாங்குகின்றன. ஆதலால் பதம் மெல்ல வருகிறது; விரைந்து கடக்கிறது.

எல்லாச் சரிவுகளுக்கும் ஒரே நேரம் பொருந்தாது. கிழக்கு நோக்கிய சரிவு முதலில் இளகும், அடுத்துத் தெற்கு, பிற்பகலில் மேற்கு. எனவே கணக்கைப் பின்னிருந்து போட வேண்டும். தெற்குச் சரிவு பத்து மணிக்குப் பதமாகும் எனில், உச்சிக்கு ஏற ஐந்து மணி நேரம் ஆகும் எனில், ஐந்து மணிக்கு முன்பே குடிலை விட்டுக் கிளம்ப வேண்டும். பலகைகளின் அடியில் வழுக்காத பட்டை ஒட்டி, நெற்றியில் விளக்குக் கட்டி இருளில் ஏறுகின்றனர். விரைந்து ஏறியவர் உச்சியில் குளிர்காற்றில் நடுங்கியபடி காத்திருக்க நேரும். பொறுமை இழந்து இறங்கினால் இறுகிய பனியில் கால் வழுவும். செங்குத்துச் சரிவில் அப்படி விழுந்தவர் இடையில் நிற்பது அரிது.

பனிச்சறுக்கு குளிர்காலத்திற்கே உரியது என்று பலர் கருதிய காலத்தில், உயர்மலைகளுக்கு இளவேனிலே ஏற்றது என்று வலியுறுத்தியவர்களுள் ஆர்னால்ட் லன் குறிப்பிடத்தக்கவர். இந்த ஆங்கிலேயர் 1888 ஆம் ஆண்டு பிறந்தது நம் சென்னையில். தந்தை சமயப் பணிக்காக இங்கு வந்தவர். பனியைக் காணாத ஊரில் பிறந்த அவர், பனியின் வகைகளை ஆராய்வதில் ஈடுபட்டார். 1909 இல் வேல்ஸ் நாட்டு மலையொன்றில் விழுந்து கால் முறிந்தது. ஒரு கால் குட்டையாகிவிட்டது. அந்தக் காலோடுதான் 1917 ஜூன் மாதத்தில், 4545 மீட்டர் உயரமுள்ள டோம் சிகரத்தில் பனிச்சறுக்குப் பலகைகளோடு ஏறினார். ஊன்றும் காலில் வலுக்குறைந்தவருக்குத் தளத்தின் உறுதியைப் பற்றிய அக்கறை மற்றவரினும் மிகுந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

முந்தினால் வழுக்கல், பிந்தினால் அதனினும் கொடியது காத்திருக்கிறது. உருகிய நீர் ஆழத்தில் இறங்கும்போது மணிகளை இணைத்த பிணைப்புகள் கரைகின்றன. அப்போது சரிவே பெயர்ந்து வரக்கூடும். ஈரப்பனிச்சரிவு வேகத்தில் சற்றுக் குறைந்தது. எடையிலோ மிகக் கனத்தது. நின்றதும் கெட்டியாக இறுகிவிடும். புதையுண்டவரைத் தோண்டி எடுப்பது கடினம். மலை முன்னறிவிப்பு இல்லாமல் எப்போதும் இதைச் செய்வதில்லை. பாறைகளின் அடியிலிருந்து பனியுருண்டைகள் தாமே உருளத் தொடங்கும்; மூடுகாலணி கணுக்காலைத் தாண்டிப் புதையும். அவ்வேளையில் உச்சி நூறு மீட்டர் தொலைவில் இருந்தாலும் தேர்ந்த வழிகாட்டிகள் திரும்பிவிடுவர். நான்கு மணி நேரம் ஏறி வந்த உழைப்பை அங்கேயே விட்டுவிடுவது, ஏறுவதைக் காட்டிலும் கடினமான செயல்.

நண்பகலில் குடிலின் வாயிலில் பலகைகள் வரிசையாகக் குத்தி நிற்கும். உள்ளே சூடான சூப்பும் ரொட்டியும் பரிமாறப்படும். பலர் உண்டபின் உறங்குவர். எதிர்ச்சரிவில் ஏதேனும் சரியும் ஓசை பிற்பகலில் இடையிடையே கேட்கும். மாலையானதும் ஒவ்வொருவராக வெளியே வந்து மேற்கு வானைப் பார்ப்பர். மேகம் திரண்டிருந்தால், விடியலுக்கு வைத்த அலாரத்தை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வர்.