விடாத பிரேக்

கோவை மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது அந்தப் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது, பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு வழி தெரியும். நான் போனபோது ஜாக்கியில் ஏறி நின்றது ஒரு கான்டெஸா. 1984 முதல் 2002 வரை இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த வண்டி. முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம்.

குன்னூரிலிருந்து இறங்கும்போது இடது முன்சக்கரத்தில் புகை வந்ததாம். வேறோர் இடத்தில் பேடும் டிஸ்க்கும் மாற்றியும் கருகல் நாற்றம் போகவில்லை.

"மலையில இறங்குனா சூடாகத்தானே செய்யும்?" என்று கேட்டேன்.

"அப்படின்னா ரெண்டு பக்கமும் சூடாகணுமுங்களே சார்" என்றார் மெக்கானிக். "இது சமதள ரோட்டுலயும் ஒரு பக்கந்தான் காயுது."

டிரம் பிரேக்கில் இருப்பதுபோல் டிஸ்க்கில் இழுத்துக்கொள்ளும் ஸ்பிரிங் இல்லை. பேடை அழுத்தும் பிஸ்டனைச் சுற்றி ஒரு சதுர வெட்டு ரப்பர் வளையம். மிதிக்கும்போது அது பிஸ்டனோடு சேர்ந்து வளைகிறது. காலை எடுத்ததும் தன் வடிவத்துக்கு மீண்டு, பிஸ்டனையும் மயிரிழை பின்னுக்கு இழுக்கிறது. அந்த மயிரிழைக்குத் தடை வந்தால் பேட் உரசிக்கொண்டே கிடக்கும்.

உதவியாள் பிரேக்கை மிதித்துவிட்டுக் காலை எடுத்தார். சக்கரம் சுற்றவில்லை. மெக்கானிக் காலிப்பரிலிருந்த நிப்பிளைச் சற்றுத் தளர்த்தியதும் பிரேக் ஆயில் சீறியது, சக்கரம் சுழன்றது. பிஸ்டன் துருவேறி இறுகியிருந்தால் ஆயில் வெளியேறியும் விட்டிருக்காது. ஆக, அழுத்தம் எங்கோ சிக்கி நிற்கிறது. நிப்பிளை இறுக்கி மறுபடி மிதித்துக் காலை எடுக்கச் சொன்னார். இம்முறை மாஸ்டர் சிலிண்டரை ஒட்டிய குழாய் நட்டைத் தளர்த்தினார். சக்கரம் அசையவில்லை. மாஸ்டரும் தப்பித்தது. இடையில் மிச்சம் ரப்பர் ஹோஸ்.

கழற்றி, பிளேடால் நீளவாக்கில் கீறிக் காட்டினார். வெளியே ஒரு வெடிப்பில்லை. உள்ளே ரப்பர் உப்பி, குண்டூசி நுழையுமளவே வழி. மிதிக்கிற வேகத்தில் ஆயில் போய்விடுகிறது. திரும்பி வருவதற்கு அந்த வேகம் ஏது?

மாஸ்டரின் டப்பாவில் ஆயில் டிகாஷன் நிறத்தில் இருந்தது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. டாட் 3 வகை புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் அந்த வரம்பு 140தான். கொண்டை ஊசி வளைவில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரைவரை போகும். புகையோடு நின்றது வண்டி உரிமையாளரின் அதிர்ஷ்டம்.

வண்டி ஷெட்டில் நின்றதே அதிகம். ஓடி ஓடித் தேயும் வண்டியைவிட இப்படிச் சும்மா நின்று கெடும் வண்டிகளே இங்கே அதிகம் வருகின்றனவாம். பாடி மட்டும் கண்ணாடியாக மின்னியது. குரோமுக்குப் பாலிஷ் போடுகிறவர்களுக்குப் பிரேக் ஆயில் மாற்ற ஏன் தோன்றுவதில்லை என்பது எனக்கு விளங்காத விஷயம்.

புது ஹோஸ் இரண்டு பக்கமும் ஏறியது. ஆயில் சிந்தினால் பெயின்ட்டைத் தின்றுவிடும் என்று மட்கார்டில் ஈரத்துணி விரித்தார்கள். "அடி... அடி... புடி!" குரலுக்கேற்ப உதவியாள் பெடலை மிதித்துப் பிடிக்க, குமிழிகள் நிற்கும்வரை ஏர் எடுத்தார்கள்.

"அப்ப பேடு மாத்துன காசு வீண்தானா?" என்று உரிமையாளர் கேட்டார்.

மெக்கானிக் பேடை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தார். முகம் கருகிப் பளபளத்தது.

"இதையும் மறுபடி மாத்தோணுமுங்க."