டுபாயில் எங்கே தங்குவது?

டுபாய் என்றதும் நம் கண்முன் வருபவை வானைத் தொடும் கட்டடங்களும் தங்கக் கடைகளும்தான். பாய்மரத் தோற்றத்தில் 1999ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புர்ஜ் அல் அராப் ஹோட்டலையும், 2010இல் திறக்கப்பட்ட 828 மீற்றர் உயரமான புர்ஜ் கலீபாவையும் படங்களில் பார்க்காதவர்கள் குறைவு.

ஆனால் நம் ஊர்களிலிருந்து அந்நகருக்குப் போகும் பெண்கள் எல்லோரும் உல்லாசப் பயணிகள் அல்லர். ஆண்டுக்கணக்கில் முகம் காணாத கணவனைப் பார்க்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டட வேலையில் இருக்கும் மகனை, வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கும் மகளைப் பார்க்கப் போகும் தாய்மார் இருக்கிறார்கள். யுத்தத்தால் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சிதறிப்போன சகோதரங்களை நடுவழியில் சந்திக்கப் போகிறவர்களும் உண்டு. கொழும்பிலிருந்து ஏறக்குறைய நாலரை மணி நேர விமானப் பயணம். அங்கே நேரம் எமக்கு ஒன்றரை மணித்தியாலம் பின்.

இப்படிப் புறப்படும் சகோதரிகள் விமானச் சீட்டைப் பற்றி யோசிக்கும் அளவுக்குத் தங்குமிடத்தைப் பற்றி யோசிப்பதில்லை. 'அவர் பார்த்துக்கொள்வார்' என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அந்தப் பத்து நாட்களும் நிம்மதியாகக் கழியுமா, பயத்தோடு கழியுமா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அந்த அறைதான். 2024ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து வருகை விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே ஹோட்டல் பதிவையும் திரும்பும் விமானச் சீட்டையும் கேட்கிறார்கள். உறவினர் வீட்டில் தங்குவதென்றால் அவருடைய வாடகை ஒப்பந்தமும் அடையாள அட்டைப் பிரதியும் தேவைப்படும். ஆகவே இது புறப்படுமுன்னரே தீர்மானிக்க வேண்டிய விடயம்.

அவர் இருக்கும் இடத்தில் ஏன் தங்க முடியாது?

கட்டட, துப்புரவு, தொழிற்சாலை வேலைகளில் இருக்கும் ஆண்களிற் பெரும்பாலானோர் கொம்பனி விடுதிகளில் இருக்கிறார்கள். ஓர் அறையில் பலர், அடுக்குக் கட்டில்கள். முகைஸ்னா பகுதியில் உள்ள பெரிய தொழிலாளர் குடியிருப்பை எல்லோரும் சோனாப்பூர் என்றே அழைப்பார்கள். ஹிந்தியில் அதற்குத் 'தங்க நகரம்' என்று பொருள். அல் கூஸ், ஜெபல் அலி ஆகிய இடங்களிலும் இத்தகைய விடுதிகள் உள்ளன. அங்கே மனைவியோ தாயோ தங்க முடியாது.

வேறு சிலர் நகரத்துக்குள் 'பெட் ஸ்பேஸ்' எனப்படும் ஒற்றைக் கட்டில் இடத்தை வாடகைக்கு எடுத்திருப்பார்கள். ஒரு வீட்டைப் பலகையால் பல துண்டுகளாகப் பிரித்து வாடகைக்கு விடுவதும் நடக்கிறது. தீப்பிடித்தால் வெளியேற வழியில்லாத இந்தத் தடுப்பு அறைகள் சட்டவிரோதமானவை. 2025 ஜூனில் டுபாய் மாநகரசபை ரிக்கா, முரக்கபாத், பர்ஷா, சத்வா, ரபா ஆகிய பகுதிகளில் இவற்றுக்கு எதிராக நடவடிக்கை எடுத்தது. மலிவு என்பதற்காக அப்படியொரு தடுப்புக்குள் போய் இருந்தால், சோதனை வரும் நாளில் பெட்டியோடு தெருவில் நிற்க நேரிடும்.

பணிப்பெண்ணாக இருக்கும் மகளைப் பார்க்கப் போகும் தாய், எசமானின் வீட்டில் தங்கலாம் என்று நம்பிப் போகக்கூடாது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு அவளுக்குச் சட்டப்படி உரியது. அந்த நாளில் அவள் வந்து கால் நீட்டி இருக்கக்கூடிய அறை ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

கழியின் இரு கரைகள்

நகரத்தின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் இடம் தெரிவு செய்வது இலகு. டுபாயின் பழைய பகுதியை ஒரு கடற்கழி இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு கரை டெய்ரா; மறுகரை பர் டுபாய். 1966இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்படுமுன் முத்துக் குளிப்பும் வணிகமுமாக இந்த ஊர் வாழ்ந்தது இக்கரைகளில்தான். இன்றும் மரக்கலங்கள் பொதி ஏற்றுவதைக் கரையில் நின்று பார்க்கலாம். 'அப்ரா' என்னும் சிறு படகில் ஒரு திர்ஹம் கொடுத்து அக்கரை போகலாம். கோடி கொட்டிக் கட்டிய நகரத்தில் ஏழைக்கும் எட்டுகிற இன்பம் அது.

டெய்ராவில் தங்கச் சந்தையும் வாசனைத் திரவியச் சந்தையும் உள்ளன. சிறிய, நடுத்தர ஹோட்டல்கள் நெருக்கமாக உள்ள இடமும் அதுவே. விமான நிலையம் அருகில். ஆனால் சில ஒழுங்கைகள் இரவிலும் சந்தடியாக இருக்கும். சில ஹோட்டல்களின் கீழ்த்தளத்தில் இரவு விடுதிகள் நடக்கும். பதிவு செய்யுமுன் இதைக் கேட்டறிவது நல்லது.

பர் டுபாயும் அதனை அடுத்த கராமாவும் குடும்பங்கள் நிறைந்த பகுதிகள். தமிழ்நாட்டு, கேரளச் சாப்பாட்டுக் கடைகளும் இலங்கைக் கடைகளும் இங்கே உண்டு. தமிழ் பேசிச் சாமான் வாங்கலாம். அருகே ஊத் மேத்தாவில் புனித மரியாள் தேவாலயம் இருக்கிறது. பர் டுபாயில் கழிக்கரையோரம் இருந்த பழைய இந்துக் கோவில் 2024 ஜனவரியுடன் மூடப்பட்டு, வழிபாடு ஜெபல் அலிக் கோவிலுக்கு மாற்றப்பட்டது. பள்ளிவாசல்கள் எல்லா இடத்திலும் உள்ளன.

ஜுமைரா, மரினா, பாம் தீவு ஆகியன செல்வந்தருக்கான கடற்கரைப் பகுதிகள். அங்கு தங்காமலே பகலில் போய்ப் பார்த்து வரலாம். பக்கத்து அமீரகமான சார்ஜாவில் அறை வாடகை குறைவு. ஆனால் அங்கே மெட்ரோ ரயில் இல்லை. காலை, மாலை வாகன நெரிசல் மிக அதிகம். உங்களவர் சார்ஜாவில் வேலை செய்தால் மாத்திரம் அது பொருத்தம்.

ரயிலைப் பார்த்து அறையைத் தெரிவு செய்யுங்கள்

மெட்ரோவின் சிவப்பு வழி 2009இலும் பச்சை வழி 2011இலும் தொடங்கின. இரண்டும் டெய்ராவில் உள்ள யூனியன் நிலையத்திலும் பர் டுபாயில் உள்ள புர்ஜுமான் நிலையத்திலும் சந்திக்கின்றன. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனிப் பெட்டி உண்டு. 'நோல்' அட்டையில் சாதாரணக் கட்டணம் 3 முதல் 7.50 திர்ஹம் வரை.

முதலில் அவரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: விடுதி எங்கே? ஓய்வு நாள் எது? சோனாப்பூர் என்றால் பச்சை வழியில் உள்ள டெய்ரா அல்லது அல் குசைஸ் வசதி. அல் கூஸ், ஜெபல் அலி என்றால் சிவப்பு வழியில் அல் பர்ஷா வசதி. பன்னிரண்டு மணிநேரம் வெயிலில் நின்றவர் மேலும் இரண்டு மணிநேரம் பஸ்ஸில் ஏறி இறங்கி வந்தால், உங்களோடு பேச அவருக்குத் தெம்பு இருக்காது. நிலையத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் அறை எடுங்கள். ஜூன் முதல் செப்டெம்பர் வரை வெப்பம் 40 பாகையைத் தாண்டும். பத்து நிமிட நடையே தாங்காது. நவம்பர் முதல் மார்ச் வரை காலநிலை இதமானது. அப்போது வாடகை கூடும்.

வாடகைக்கு மேல் வருபவை

சொல்லப்படும் வாடகை வேறு, கட்டவேண்டிய தொகை வேறு. பெரும்பாலும் 10 வீத சேவைக் கட்டணம், 7 வீத மாநகரசபைக் கட்டணம், 2018இல் வந்த 5 வீத பெறுமதி சேர் வரி ஆகியன சேரும். இவற்றுக்கு மேல் ஹோட்டலின் தரத்தைப் பொறுத்து ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 7 முதல் 20 திர்ஹம் வரை 'சுற்றுலா திர்ஹம்' உண்டு. உதாரணமாக, வாடகை 200 திர்ஹம் என்று சொல்லி இவற்றைத் தனியாகச் சேர்த்தால் கட்டுவது 250ஐத் தாண்டிவிடும். 'எல்லாம் சேர்த்து எவ்வளவு?' என்று எழுத்தில் கேளுங்கள். பல ஹோட்டல்கள் திருப்பித் தரும் முற்பணமும் வாங்கும். அதற்குப் பணத்தை ஒதுக்கி வையுங்கள், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

ஒரு வாரத்துக்கு மேல் இருப்பதென்றால் குசினியோடு கூடிய ஹோட்டல் தொடர்மாடி அறை நல்லது. வாடகை சற்றுக் கூடினாலும் சாப்பாட்டுச் செலவு குறையும். நீங்கள் சமைத்த சோற்றை அவர் சாப்பிடுவதற்கு விலை போட முடியாது.

கதவும் சாவியும்

அறை உங்கள் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். உள்ளிருந்து பூட்டக்கூடிய கதவும், உங்கள் கையில் ஒரு சாவியும் வேண்டும். வரவேற்பு மேசையில் கடவுச்சீட்டைப் பார்த்துப் பிரதி எடுப்பார்கள். உடனே திரும்பக் கேட்டு வாங்குங்கள். அதை வேறு எவரிடமும் விட்டு வைக்காதீர்கள். கணவர் உங்களோடு தங்குவதென்றால் அவரும் தன் அடையாள அட்டையைக் காட்டிப் பதிய வேண்டும். விவாகப் பதிவுச் சான்றிதழின் பிரதி ஒன்றைக் கொண்டு போவது நன்று. இப்போது அதைக் கேட்பது அரிதென்றாலும் கையில் இருப்பது தைரியம்.

'தங்க இடம் இலவசம், வந்த பிறகு வேலையும் எடுத்துத் தருகிறோம்' என்று எவராவது சொன்னால் அங்கேயே நின்றுவிடுங்கள். வருகை விசாவில் வேலை செய்வது அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். இப்படிப் போன பெண்கள் வீடுகளில் பூட்டி வைக்கப்பட்ட செய்திகளை நாம் அறிவோம். வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் அதற்குரிய விசாவுடன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டே போகவேண்டும். பணியகத்தின் தொலைபேசி இலக்கம் 1989. டுபாயில் ஆபத்து என்றால் பொலிஸ் இலக்கம் 999. இரண்டையும் மனப்பாடம் செய்யுங்கள். ஹோட்டலின் பெயரையும் முகவரியையும் ஒரு தாளில் எழுதி வீட்டாரிடம் கொடுங்கள். புறப்படுமுன் வளைகுடாவின் நிலவரத்தையும் விமான சேவையையும் விசாரியுங்கள்.

பெட்டி கட்டும்போது கசகசாவும் வெற்றிலை பாக்கும் வேண்டாம்; அங்கே அவை தடை. மருந்து கொண்டுபோனால் வைத்தியரின் சிட்டை கூடவே இருக்கட்டும். சில வலி மருந்துகளுக்கு முன் அனுமதி தேவை.

முகாமிலும் உறவினர் வீட்டுத் திண்ணையிலும் பிறர் ஒதுக்கித் தந்த மூலையில் ஆண்டுகளைக் கழித்தவர்கள் நம்மில் பலர். 'ஒரு மூலை போதும்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். இந்தப் பயணத்தில் அப்படிச் சொல்லாதீர்கள், சகோதரிகளே. ஆடம்பரம் தேவையில்லை, நாட்களைக் குறைத்தாவது, பூட்டக்கூடிய ஓர் அறையை எடுங்கள். ஐந்து நாள் நிம்மதியாகப் பேசிச் சிரித்து வருவது, பதினைந்து நாள் ஒதுங்கி ஒடுங்கி இருந்துவிட்டு வருவதை விட மேல்.