குருத்தோலையும் நான்காண்டுத் தலைமுறையும்

மலர்வளையம் என்ற சொல் தமிழிலே மரணவீட்டுக்கு உரியதாகிவிட்டது. மேலைநாட்டார் நத்தார்க் காலத்திற் பசுந்தழைகளை வளையமாகக் கட்டி வாயிற்கதவிலே தொங்கவிட்டு மகிழ்வர். நம்மவர் வாயிலில் அத்தகைய வளையமொன்று தொங்குமாயின் அயலார் துக்கம் விசாரிக்கவே வருவர். நமது மங்கலத்தின் வடிவம் வாயிலின் குறுக்கே கட்டப்படும் தோரணமாகும். மணிமேகலையின் விழாவறை காதையில் முரசறைவோன், காய்க்குலையோடு கூடிய கமுகையும் வாழையையும் வஞ்சிக்கொடியையும் கரும்பையும் வீதிகளில் நடுமாறு நகரத்தாரை வேண்டுகின்றான். அவன் கூறும் பொற்பாலிகையும் முத்துமாலையும் செல்வர்க்கு ஆகலாம். கமுகும் வாழையும் எவர்க்கும் ஆகும்.

பேராதனை வளாகத்துக் குறிஞ்சிக் குமரன் ஆலயத்திலே தைப்பொங்கலுக்கும் வாணி விழாவுக்கும் தோரணம் கட்டுவோர் மாணவரே. ஊரிலே இக்கலை பாட்டனிடமிருந்து பேரனுக்குச் செல்வது. ஒரு தலைமுறை தவறினும் கிழவர் ஒருவரேனும் எஞ்சியிருப்பார். பல்கலைக்கழகத்திலோ ஒரு தலைமுறையின் ஆயுள் நான்கு ஆண்டுகள் மாத்திரமே. இறுதியாண்டினர் கட்டுவதை முதலாண்டினர் அருகிருந்து பார்த்து, ஓலை பிடித்துக் கொடுத்து, நார் கிழித்துக் கொடுத்துப் பழகுவதே இங்குள்ள ஒரே பாடமுறை. இதனை எவரும் எழுதி வைத்ததில்லை. 2020 மார்ச்சிற் கொள்ளைநோய் காரணமாகப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது விரிவுரைகள் கணினித் திரைக்கு மாறின, தோரணம் மாறவில்லை. கட்டத் தெரிந்த அணியினர் வீட்டிலிருந்தவாறே பட்டதாரிகளாயினர். வளாகம் முழுமையாகத் திறக்கப்பட்ட பின்னர் வந்த எம்மிடம் கயிறு இருந்தது, சத்தகம் இருந்தது. மடிக்கத் தெரிந்த கை இருக்கவில்லை.

ஓலை பெறுவதும் எளிதன்று. தோரணத்துக்கு வேண்டியது இன்னும் விரியாத குருத்து. ஒளிபட்டுப் பச்சையம் ஊறுமுன் வெட்டப்படுவதாலேயே அது வெளிர்மஞ்சளாகவும் வளைந்து கொடுப்பதாகவும் உள்ளது. தென்னைக்குக் கிளையில்லை, வளர்முனை ஒன்றே. அம்முனையிற் கத்தி பட்டால் மரமே பட்டுவிடும். மாதத்துக்கு ஏறக்குறைய ஓரோலை விடுகின்ற மரத்திடம் ஒரு குருத்துக்கு மேற் கேட்பது கொள்ளை. 2024 இன் இறுதியிலே தேங்காயொன்றின் விலை 200 ரூபாவை எட்டியபோது, தென்னையுள்ளோர் எம்மைக் கண்டதும் நாயை அவிழ்த்துவிடாததே பெரிய பண்பாடு எனலாம்.

எமக்குக் குருத்துத் தந்தவர் வளாகத்தை அடுத்த ஹிந்தகலவில் வாழும் சிங்கள முதியவர் ஒருவர். காய்ப்பு ஓய்ந்த மரத்தைக் காட்டி, "இதில் எடுங்கள் புத்தா" என்றார். குருத்தோலையைச் சிங்களத்தில் கொக்கொல என்பர். கண்டிப் பிரதேசத்திலே திருமண மேடையும் தானப் பந்தலும் சாந்திச் சடங்குகளும் மரண ஊர்வலப் பாதையும் இவ்வோலையாலேயே அணி பெறுகின்றன. வெசாக் காலத்து அலங்கார வாயிலுக்கு அவர்கள் இட்ட பெயரும் தோரணவே. எதற்கென்று வினவிய முதியவர், நாம் மடித்ததைச் சற்று நேரம் பார்த்தார். பின்னர் கத்தியைத் தாமே வாங்கிக்கொண்டார். ஈர்க்கை உரிப்பது, ஓலையின் ஓரத்தைச் சம இடைவெளியிற் கீறிக் கோத்து வாங்குவது, வெட்டிய குருத்தை ஈரச் சாக்கிற் சுற்றி வைப்பது ஆகியவற்றை அவரிடமே கற்றோம். லியவெல எனப்படும் கொடிவேலையைக் கோடு கீறாமலே ஓலையில் வெட்டிக் காட்டினார்.

எனினும் அவருடைய வேலையிற் குருவி இல்லை. எங்கள் ஊர் வழக்கிலே தோரண ஓலையின் மடிப்பைக் குருவி என்போம். அதன் தலை மேல்நோக்கியிருந்தால் மங்கலம், கீழ்நோக்கியிருந்தால் மரணவீடு. ஒரே ஓலை, ஒரே கை, ஒரு திருப்பத்திலே பொருள் முற்றிலும் மாறிவிடுகின்றது. இதனை அறியாமற் கட்டுவது எழுத்தறியாமற் கையொப்பமிடுவது போன்றதென்றே நான் கருதுகிறேன். ஈற்றில் தோழியொருத்தியின் அம்மம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கைபேசி வாயிலாக மடித்துக் காட்டினார். எதிரேயிருந்து காட்டுபவரின் வலக்கை நமக்கு இடப்புறம் ஆகையால், ஒரு குருவிக்கு ஒரு மணிநேரம் சென்றது. "பிள்ளையள், ஓலையைத் திருப்பாதேங்கோ, உங்கடை கையைத் திருப்புங்கோ" என்று அவர் இடையிடையே அதட்டினார்.

கடையில் வாங்கிய மாலையைப் பெட்டியில் வைத்து ஆண்டுதோறும் எடுத்துக் கட்டலாமே என்று நண்பர் சிலர் கூறினர். 2017 செப்டெம்பரிலேயே விழா அலங்காரங்களுக்குப் பொலித்தீன் பயன்படுத்துவது இந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. 2023 ஒக்டோபரிற் பிளாஸ்ரிக் பூமாலைகளும் தடைப்பட்டியலிற் சேர்ந்தன. அவர்கள் கூறியது துணிமாலை. சட்டத்துக்கு அதனோடு பகையில்லை. எனக்குத்தான் பகை. குருத்தோலை மூன்று நாளிற் பழுப்பேறும். தை மாதத்துக் கண்டித் தூறலில் முடிச்சோரம் கறுத்தும் போகும். அது வாடுவதனாலேயே அடுத்த விழாவுக்கு மீண்டும் பத்துப்பேர் கூடியிருந்து மடிக்க வேண்டியதாகின்றது. வாடாத மாலை நான்கு ஆண்டுகள் பெட்டியிற் கிடக்குமாயின், அதனை வாங்கியவர்களும் போய்விடுவர். மடிக்கத் தெரிந்தவர்களும் போய்விடுவர்.

கடந்த பொங்கலின்போது நுழைவாயிலில் வாழையும் கமுகம்பாளையும் கட்டினோம். மலையகத் தோழர்கள் தேயிலைச் சரிவுகளிலிருந்து கொணர்ந்த மானாப்புல்லும் அவற்றோடு சேர்ந்தது. தோரணத்தின் நடுவே முதியவரின் கொடிவேலையும் இருமருங்கும் அம்மம்மாவின் குருவிகளும் அமைந்தன. முதலாண்டு மாணவர் பதினொருவர் விடிய விடிய இருந்து மடித்தனர். அவர்களுள் இருவர் இடக்கையர். அவர்கள் மடித்த குருவிகளின் தலைகளும் மேல்நோக்கியே இருந்தன. ஆனால் ஏனையவை ஆலயத்தைப் பார்க்க, அவை மகாவலியைப் பார்த்துக்கொண்டிருந்தன.