பழைய கார் வாங்கப் போறீங்களா? சீட் பெல்ட்டை இழுத்துப் பாருங்க

இன்ஜின், ஆர்சி, இன்சூரன்ஸ் எல்லாம் பார்க்கச் சொல்ல ஆள் இருக்காங்க. அரசு மருத்துவமனையில விபத்து கேஸ் பார்க்கிறவன்ங்கிற முறையில நான் சொல்றது வேற.

சாவியை ஆன் பண்ணுங்க, ஸ்டார்ட் பண்ண வேண்டாம். டேஷ்போர்டுல ஏர்பேக் லைட் எரிஞ்சு, சில நொடியில அணையணும். அணையலைன்னா பழுது. எரியவே இல்லைன்னா இன்னும் சந்தேகப்படுங்க. ஒரு தடவை வெடிச்ச ஏர்பேகை மாத்த நிறைய செலவாகும். அதனால மூடியை ஒட்டி, லைட் இணைப்பைத் துண்டிச்சு விக்கிறவங்க உண்டு. 2019 ஜூலைக்கு முந்தைய வண்டின்னா, விலை குறைஞ்ச மாடல்ல ஏர்பேகே இல்லாம இருக்கலாம். டிரைவர் ஏர்பேக் கட்டாயமானதே அப்போதான்.

அடுத்து, எல்லா பெல்ட்டையும் கடைசி வரைக்கும் இழுங்க. உள்ளே சுருண்டிருந்த பகுதியில சேத்துக் கறை இருந்தா, வெள்ளத்துல நின்ன வண்டியா இருக்கலாம் (2015, 2023 டிசம்பர்ல சென்னையில கார்கள் மிதந்ததைப் பார்த்தோமே). சீட் கவரைத் துவைச்சிடுவாங்க, இதை மறந்துடுவாங்க. வெடுக்குனு இழுத்தா பெல்ட் பிடிச்சு நிக்கணும்.

பின் சீட் பெல்ட்டு பெரும்பாலும் சீட் கவருக்கு அடியில புதைஞ்சிருக்கும். தோண்டி எடுத்து மாட்டிப் பாருங்க. உங்க பிள்ளைங்க உக்காரப் போறது அங்கதான். ஓனர், "பின்னாடி யாரு சார் பெல்ட் போடுறா"ன்னு சிரிப்பார். சிரிக்கட்டும், நீங்க இழுங்க.