கடைமடை வரை

பொதிகையிலிருந்து இறங்கிப் புன்னைக்காயலில் கடலைச் சேர்வதற்குள் தாமிரபரணியை எட்டு அணைக்கட்டுகள் மறிக்கின்றன. முதலாவது கோடைமேலழகியான், கடைசி ஸ்ரீவைகுண்டம். பாபநாசம், மணிமுத்தாறு அணைகளைப் போல இவை தண்ணீரைத் தேக்கி வைப்பவை அல்ல. ஆற்றின் மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி, தலைமதகு வழியாகக் கால்வாய்க்குள் திருப்பிவிடும். மற்றதைப் பூமியின் சரிவு பார்த்துக்கொள்ளும்.

அந்தச் சரிவில்தான் வித்தையே இருக்கிறது. ஆறு இறங்குவதைவிடக் கால்வாய் மெதுவாக இறங்க வேண்டும். அப்போதுதான் போகப் போக அது ஆற்றைவிட மேட்டில் நிற்கும்; இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் வயலெல்லாம் தானாகப் பாயும். கல்லிடைக்குறிச்சியிலிருந்து சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாய்க் கரையில் எப்போது நடந்தாலும், இதை வெட்டியவர்களைக் கும்பிடத் தோன்றும் எனக்கு. எட்டு அணைக்கட்டுகளில் ஸ்ரீவைகுண்டம் மட்டுமே ஆங்கிலேயர் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. மோட்டார் இல்லாமல் இன்றைக்கும் கார், பிசானம் இரண்டு போகத்துக்கும் இந்த வழியாகத்தான் தண்ணீர் வருகிறது.

கால்வாயிலிருந்து சில இடங்களில் நேராக வயலுக்கு; பல இடங்களில் முதலில் குளத்துக்கு, குளத்து மடையிலிருந்து வயலுக்கு. கடைசியில் ஓர் ஆள் அகலம்கூட இல்லாத வாய்க்கால். அங்கே மண்வெட்டியோடு நிற்பவர் நாலு வெட்டு மண்ணை எடுத்து ஒரு வாமடையைத் திறப்பார், இன்னொன்றை அடைப்பார். பெரிய அணையைத் திறப்பது செய்தித்தாளில் வருகிறது. பயிர் பிழைப்பது இந்த நாலு வெட்டில்.

ஆனால் அந்தச் சின்ன வாய்க்காலைத்தான் நாம் கைவிட்டோம். அமலைச்செடி, வண்டல், பிளாஸ்டிக், ஊர்ச் சாக்கடை எல்லாம் அதில்தான். தலைமடையில் தண்ணீர் கரை தட்டி ஓடும்போது கடைமடையில் நாற்று கருகுவதற்கு மழைக்குறைவு மட்டும் காரணமில்லை. முன்பு போகம் தொடங்குமுன் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து வாய்க்காலை வாரினார்கள். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். அந்த வழக்கம் தளர்ந்தபோது, சென்னை மாகாணத்தில் 1858-லேயே அதற்குச் சட்டம் போட்டுப் பார்த்தார்கள். சட்டம் வாய்க்காலைத் தூர்வாரவில்லை. அரசு ஒதுக்கும் பணமும் பெரும்பாலும் பெரிய கால்வாயோடு நின்றுவிடுகிறது.

விவசாயி நண்பர்களே, பிசானத்துக்கு மதகு திறக்குமுன் உங்கள் வயலைத் தாண்டி அடுத்தவர் வயலுக்குப் போகிற வாய்க்காலையும் சேர்த்து வாரிவிடுங்கள்.